ஏட்டில் ஏறாத கொரியா

2013 ஆம் ஆண்டு ஏப்ரல் 11 ஆம் நாள், கான்சாஸ் மாநிலத்து விசித்தா மறைமாவட்டக் குருவான எமில் கபான் அடிகளாருக்கு, அமெரிக்க நாட்டின் வீர விருதுகளுள் தலையாயதான 'மெடல் ஆஃப் ஹானர்' வழங்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஒபாமாவின் கையிலிருந்து அதனைப் பெற்றுக்கொண்டவர் அடிகளாரின் உடன்பிறந்தார் மகன். அடிகளார் இறந்து அப்போது ஏறத்தாழ 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தகைய விருதுக்குச் சட்டம் விதித்திருந்த காலவரையறை என்றோ கடந்துவிட்டமையால், அவருக்காக அந்நாட்டுக் காங்கிரஸ் தனியே சட்டம் இயற்றி அவ்வரையறையைத் தளர்த்த வேண்டியிருந்தது.

அந்நாட்களில் நான் நம் ஆயரவர்களின் அனுமதியுடன் மிசூரி மாநிலத்தின் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றி வந்தேன். அடுத்து வந்த ஞாயிறன்று மறையுரையில் கபான் அடிகளாரைப் பற்றிச் சிறிது பேசினேன். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் பர்மா - இந்தியப் போர்முனையில் ஆன்ம குருவாக இருந்தவர் அவர் என்பதால், நமது மண்ணுக்கும் அவர் முற்றிலும் அந்நியரல்லர் என்று பெருமையோடு கூறினேன். 1950 நவம்பரில் கொரியாவின் உன்சான் என்னுமிடத்தில், தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் காயம்பட்டவர்களை விட்டகல மறுத்துச் சிறைப்பட்டதையும், முகாமில் பசித்திருந்தோர்க்கு உணவு தேடிக் கொடுத்ததையும், 1951 மே 23 அன்று அங்கேயே உயிர்நீத்ததையும் சொன்னேன். மக்கள் அமைதியாகக் கேட்டார்கள்.

திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், கடைசி வரிசையில் ஒரு முதியவர் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தார். அவர் எப்போதும் அந்த இடத்தில்தான் அமர்வார். நடை தள்ளாடும், கோடையிலும் தடித்த கம்பளிக் காலுறை அணிந்திருப்பார். நான் அருகில் சென்றபோது, செப நூலின் உள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்தார்.

"சுவாமி, அந்தக் குளிர்காலத்தில் நானும் கொரியாவில்தான் இருந்தேன். ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் நான் அமெரிக்காவை விட்டு வெளியே போனதே இல்லை."

அந்தத் தாளின் பெயர் டி.டி. 214. படையிலிருந்து விடுபடும் ஒவ்வொருவருக்கும் அந்நாட்டில் வழங்கப்படும் சான்றிதழ் இது. 1950 முதல் வழக்கிலிருப்பது. நம்மிடையே பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்போ அதைவிடப் பன்மடங்கு மதிப்பு இத்தாளுக்கு அங்கே உண்டு. மருத்துவ உதவி, ஊனத்துக்கான மாதாந்தரத் தொகை, வீட்டுக் கடன், இறந்த பின் அரசு இலவசமாக நாட்டும் கல்லறைக் கல் - யாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது இதுவே. வெளிநாட்டுப் பணி எத்தனை ஆண்டு, எத்தனை மாதம், எத்தனை நாள் என்று குறிக்க ஒரு கட்டமும், பதக்கங்களைக் குறிக்க மற்றொரு கட்டமும் அதில் உள்ளன. முதியவரின் தாளில் இரண்டு கட்டங்களிலும் தட்டச்சில் ஒரே சொல்தான் இருந்தது: 'இல்லை'.

1952 இல் விடுதலை பெற்ற நாளில் அதைப் படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "இருபத்தொரு வயது, சுவாமி. வெளியே பேருந்து நின்றுகொண்டிருந்தது. எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் கேட்டேன்," என்றார். மருத்துவமனையிலிருந்து மருத்துவமனைக்கும், பிறகு உள்நாட்டு முகாம் ஒன்றுக்கும் மாற்றப்பட்டபோது அவருடைய போர்முனைக் கோப்பு அவரைப் பின்தொடர்ந்து வரவில்லை. கோப்பில்லாத எழுத்தர், கேட்டறிய நேரமுமில்லாமல், 'இல்லை' என்று தட்டிவிட்டார்.

இந்த ஒரு சொல்லால் விளைந்தது யாது? வலக்காலில் இரண்டு விரல்கள் இல்லை அவருக்கு. எஞ்சியவை இரவெல்லாம் எரியும். அறுபது வயதைத் தாண்டியபின் அதற்காக உதவித்தொகை கோரி எழுதியபோது, கொரியக் குளிரில் நேர்ந்த பாதிப்பு என்பதற்கு ஏட்டில் ஆதாரமில்லை எனப் பதில் வந்தது. அதையாவது அவர் பொறுத்துக்கொண்டார். ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று முன்னாள் படைவீரர்களைக் கோவிலில் எழுந்து நிற்கச் சொல்லி வாழ்த்துவது அங்கு வழக்கம். எப்போதோ ஒருமுறை அருகிலிருந்தவர் விளையாட்டாகவோ வினையாகவோ, "உமது தாளைக் காட்டும் பார்ப்போம்" என்றாராம். அதன்பின் கொரியாவின் பெயரைச் சொல்லி அழைத்தபோதெல்லாம் இவர் எழுவதில்லை. இதை அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கும் சிறிது ஐயம் இருந்தது. முதுமையில் நினைவுகள் ஒன்றோடொன்று கலப்பதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். செய்யாத வீரத்தைச் செய்ததாகச் சொல்லிப் பதக்கம் அணிவோரும் எந்நாட்டிலும் உண்டு. எனவே அதிகாரிகள் ஆதாரம் கேட்பதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆதாரத்தைத் தர வேண்டியவரிடமிருந்தே அது பறிபோயிருந்தால் அவர் என்ன செய்வார்?

பறித்தது நெருப்பு. செயின்ட் லூயி நகரையொட்டிய ஓவர்லாண்டில், படைவீரர்களின் பணிக் கோப்புகள் அனைத்தும் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் அடுக்கப்பட்டிருந்தன. தானே நீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு அதில் இல்லை. 1973 ஜூலை 12 அன்று நள்ளிரவு கடந்ததும் ஆறாம் மாடியில் தீப்பற்றியது. முற்றும் அணைய நான்கு நாட்களுக்கு மேலாயிற்று. அழிந்தவை 160 முதல் 180 லட்சம் கோப்புகள். 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது சாம்பலாயின. இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் அதில் அடக்கம். நகல் எடுத்து வைத்திருக்கவில்லை, நுண்படமும் எடுக்கவில்லை, எவை இருந்தன என்பதற்குப் பட்டியலுமில்லை. தீயின் காரணம் இன்றுவரை திட்டவட்டமாகத் தெரியவில்லை.

நனைந்து எஞ்சிய தாள்களைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு தனியே எழுதத் தக்கது. பூஞ்சணம் பிடிக்காதிருக்க மருந்து தெளித்து, விண்வெளிப் பயிற்சிக்கென ஒரு விமான நிறுவனம் வைத்திருந்த வெற்றிடக் கூடத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கி, ஈரத்தை உறிஞ்சி எடுத்தார்கள். அவ்வாறு 65 லட்சம் கோப்புகள் மீண்டன. ஓரம் கருகிய அத்தாள்கள், 2011 முதல் ஸ்பானிஷ் லேக் என்னுமிடத்திலுள்ள புதிய கட்டடத்தில், வெப்பமும் ஈரமும் அளவோடு வைக்கப்பட்ட அறைகளில் இருக்கின்றன.

நம் முதியவரின் கோப்பு மீண்டவற்றுள் இல்லை.

அவரைப் போன்றோர் எத்தனை பேர் என்பதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு வேவர்லி உட்சன். கறுப்பின மருத்துவப் படைவீரரான இவர், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் தாமே காயமுற்ற நிலையில், 30 மணி நேரம் நின்று ஏறத்தாழ 200 பேருக்குச் சிகிச்சை செய்தவர். இவருடைய பணிக் கோப்பும் அந்தத் தீயில் எரிந்தது. உயர்ந்த விருதுக்கு இவர் தகுதியானவர் என்பதை நிலைநாட்ட ஆவணமின்றிக் குடும்பத்தார் நெடுங்காலம் போராடினர். 2005 இல் அவர் காலமானார். 'டிஸ்டிங்குயிஷ்ட் சர்வீஸ் கிராஸ்' என்னும் விருது அறிவிக்கப்பட்டது 2024 இல்.

எனவே கோப்பு இல்லையென்றால் வழியே இல்லை என்பதன்று. எரிந்தது ஓரிடத்தில் இருந்த ஒரு வகை ஆவணமே. படை என்பது எழுதித் தள்ளும் நிறுவனம். ஒரு மனிதனைப் பற்றிப் பல கைகள் பல இடங்களில் எழுதியிருக்கும். அவற்றுள் முதன்மையானது 'காலை அறிக்கை'. ஒவ்வொரு கம்பெனியும் அன்றன்று யார் புதிதாக வந்தார், யார் போனார், யார் நோயுற்றார், யார் காணாமற்போனார் என்று மாற்றங்களை மட்டும் குறித்து மேலிடத்துக்கு அனுப்பும் தாள் அது. வழக்கம்போல் கடமையிலிருப்பவன் பெயர் அதில் வராது. அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால்தான் வரும். இரண்டாவது, ஊதியச் சீட்டுகள். மூன்றாவது, படை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோரைப் பற்றிய தொகுப்பு: 1942 முதல் 1945 வரையும், 1950 முதல் 1954 வரையும் உரிய ஏறத்தாழ ஒரு கோடிப் பதிவுகள், புள்ளிவிவரத்துக்கென்று கணினி நாடாக்களில் ஏற்றப்பட்டு மறந்து கிடந்து, 1988 இல் வெளிப்பட்டன. ஆனால் அவற்றில் எவர் பெயரும் கிடையாது. படைப்பணி எண் மட்டுமே உண்டு.

"உமது எண் நினைவிருக்கிறதா?" என்றேன். மூச்சு விடாமல் சொன்னார். பேரக்குழந்தைகளின் பெயரை மாற்றி மாற்றி அழைக்கும் மனிதர் அவர்!

அவ்வாண்டுக் கோடையில் ஒருநாள் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்பானிஷ் லேக் சென்றேன். முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றிருந்தோம். போகும் வழியில்தான் அந்தக் குளிர்காலத்தை முதன்முறையாக விவரித்தார். அவர் இருந்தது ஏழாம் காலாட்படை டிவிஷனில். 1950 நவம்பர் 27 இரவு, வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில், சுமார் மூவாயிரம் பேர் கொண்ட தரைப்படைக் குழு ஒன்று சீனப் படைகளால் சூழப்பட்டது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கு இறங்கியிருந்தது. துப்பாக்கி எண்ணெய் உறைந்தது. ஐந்தாம் நாள், காயம்பட்டவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வெளியேற முயன்றபோது லாரி வரிசை சிதறியது. படைத்தலைவர்கள் இருவரும் மாண்டனர். பிழைத்தவர்கள் உறைந்த நீர்த்தேக்கத்தின் பனித்தளத்தின் மேலே நடந்தும் தவழ்ந்தும் ஹகாருரி என்னும் ஊரை அடைந்தனர். வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 1,500 பேர். அவர்களுள் மீண்டும் துப்பாக்கி ஏந்தும் நிலையில் இருந்தவர் 385 பேரே. மற்றவர்களை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பினர்.

"லாரியில் இருந்தவர்களை விட்டுவிட்டு நடந்தேன், சுவாமி," என்றார். அதற்குமேல் செயின்ட் லூயி வரை அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் குழுவுக்கு நேர்ந்த மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே போரில் மேற்குக் கரையில் நின்ற கடற்படைப் பிரிவினருக்குக் குடியரசுத் தலைவரின் பாராட்டுச் சின்னம் கிடைத்தபோது, கிழக்குக் கரையில் அழிந்த இந்தத் தரைப்படையினர் சேர்க்கப்படவில்லை. சிதறி ஓடியவர்கள் என்ற அவப்பெயர் அவர்கள்மேல் படிந்திருந்தது. அவர்கள் பல நாள் தாக்குப்பிடித்ததால்தான் மற்றவர்கள் ஒன்றுகூட அவகாசம் கிடைத்தது என்பது பின்னர் உணரப்பட்டு, 1999 இல் அச்சின்னம் அவர்களுக்கும் வழங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தென் கொரிய அரசு 1951 இலேயே அளிக்க முன்வந்த போர்ப்பணிப் பதக்கத்தையும் தன் வீரர்கள் பெற்றுக்கொள்ள அமெரிக்க அரசு இசைந்தது. தாள் சரியாக இருந்தவர்கள் இவற்றைக் கேட்டுப் பெற்றார்கள். 'இல்லை' என்ற தாள் வைத்திருந்தவர் எதைக் காட்டிக் கேட்பார்?

ஆய்வு அறையில் ஓர் இளம் பெண் நுண்படச் சுருளைப் பொறியில் மாட்டித் தந்து, எப்படித் திருப்புவது என்று காட்டிவிட்டுச் சென்றாள். மூன்று மணி நேரம் தேடினோம். 1950 டிசம்பரில், நடந்தவற்றைப் பின்னர்க் கூட்டிச் சேர்த்து எழுதிய ஓர் அறிக்கையில், காணாமற்போனோர் பெயர்கள் பக்கம் பக்கமாக ஓடின. முதியவர் ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். இடையிடையே நின்றார். கடைசியில் ஒரு வரி: அவருடைய பெயர், அவருடைய எண், கடமையிலிருந்து மருத்துவமனைக்கு. அவ்வளவுதான். எழுத்துப் பிழையோடுகூடிய பெயர். ஆனால் எண்ணில் பிழையில்லை. சில வாரங்களில் மருத்துவத் தொகுப்பிலிருந்தும் சான்று வந்தது. அதே எண், 1950 டிசம்பர், இரு பாதங்களிலும் உறைபனிப் புண்.

இனி மனு. ஒரு படைவீரரின் ஏட்டைத் திருத்த வேண்டுமானால், 1946 க்கு முன்னெல்லாம் அவருக்கென்று ஒருவர் காங்கிரஸில் தனி மசோதா கொண்டுவர வேண்டும். அத்தகைய மசோதாக்கள் பெருகவே, அவ்வாண்டுச் சட்டம் ஒன்று அப்பொறுப்பைப் படைத்துறைகளிடம் ஒப்படைத்தது. சீருடை அணியாத குடிமக்களைக் கொண்ட திருத்த வாரியங்கள் அவ்வாறு உருவாயின. பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எனினும் நீதியின் பொருட்டுத் தாமதத்தை மன்னிக்கும் உரிமை வாரியத்துக்கு உண்டு. டி.டி. 149 என்னும் படிவம், கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பதினெட்டு மாதங்களுக்குள் முடிவு கூறப்பட வேண்டும். விண்ணப்பதாரர் இறந்துவிட்டால் மனைவியோ வாரிசோ தொடரலாம். தெளிவான பிழைகளைப் பலவேளைகளில் வாரியம் வரை போகாமலே அலுவலக மட்டத்தில் திருத்திவிடுகிறார்கள். எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் இதற்கென்றே அமர்ந்திருந்த ஒருவர் படிவத்தை நிரப்பித் தந்தார். நான் செய்தது கார் ஓட்டியதும் அஞ்சல்தலை ஒட்டியதுமே. அவர் ஓர் அறிவுரை சொன்னார்: "பட்ட துன்பத்தை எழுதாதீர்கள். எந்தக் கட்டத்தில் எது தவறு, அங்கே எது இருக்க வேண்டும், அதற்குச் சான்று எது - இம்மூன்றை மட்டும் எழுதுங்கள்." முதியவர் எழுதி வைத்திருந்த பதினோரு பக்கங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நம் மறைமாவட்டத்திலும் படையில் பணியாற்றியோர் குடும்பங்கள் பல உண்டாதலால் ஒரு வார்த்தை. நமது நாட்டில் ஆவணங்கள் ஒரே கட்டடத்தில் இல்லை. அந்தந்த ரெஜிமென்டின் பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன. மதராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனில் உள்ளது. ஓய்வூதியம் பெறாமல் விடுபட்டோரின் ஆவணங்களைக் குறித்த காலத்துக்குப் பின் அழித்துவிடுவதும் விதியாகும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் விடுவிப்புப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பாருங்கள்.

2014 இலையுதிர் காலத்தில் பதில் வந்தது. மனைவி தொலைபேசியில் அழைத்தார், சென்றேன். டி.டி. 215 என்று தலைப்பிட்ட ஒரே தாள். வெளிநாட்டுப் பணியின் ஆண்டும் மாதமும் நாளும், கொரியப் பணிப் பதக்கம், ஐக்கிய நாடுகள் பதக்கம், பிரிவுக்கு வழங்கப்பட்ட பாராட்டுச் சின்னம் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் மகிழ்ந்து கைகுலுக்கினேன். அவரோ முகம் வாடி இருந்தார்.

"பழைய தாளை அப்படியே வைத்திருக்கிறார்களே, சுவாமி! அந்த 'இல்லை' இன்னும் அங்கேயே இருக்கிறதே. இது வெறும் ஒட்டுத் தாள்தானே?"

அவருக்கு என்ன சொல்வதென்று ஒரு கணம் தோன்றவில்லை. பின்பு எங்கள் தொழிலைப் பற்றிச் சொன்னேன். பங்குக் கோவிலின் திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயரோ தேதியோ தவறாக ஏறிவிட்டால், நாங்கள் சுரண்டி அழிப்பதில்லை. ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையொப்பமும் நாளும் இடுவோம். உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் என்று பின்னர் ஒருவர் வாழ்வில் நிகழ்பவையும் அந்த ஓரத்தில்தான் ஏறுகின்றன. பழைய ஏடுகளைப் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான் என்றேன். பிழை செய்தவன் எழுத்தும் திருத்தியவன் எழுத்தும் அருகருகே இருப்பதால்தான் அந்தப் பக்கத்தை நம்ப முடிகிறது. அவர் முழுதும் சமாதானமடைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்துச் செப நூலில் வைத்தார்.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் கொரியாவின் பெயர் சொல்லப்பட்டபோது கடைசி வரிசையில் ஒருவர் முன்னிருக்கையைப் பற்றிக்கொண்டு எழுந்தார். கால்களுக்கான உதவித்தொகையும் மறு ஆண்டில் வரத் தொடங்கியது.

ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. எதிரியால் காயமுற்றோர்க்கு வழங்கப்படும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் உறைபனிப் புண்ணுக்குப் பொதுவாகக் கிடையாது. ஆனால் 1941 டிசம்பர் 7 முதல் 1951 ஆகஸ்ட் 22 வரை மருத்துவமனையில் சேர்க்குமளவு கடுமையாக உறைந்தவர்களுக்கு மட்டும் தரைப்படை விதியில் விலக்கு உண்டு. சங்கத்துக்காரர் இதைச் சொன்னபோது முதியவர், "என்னைச் சுட்டவன் எவனுமில்லையே, குளிர்தானே?" என்று நெடுநாள் தயங்கினார். பிறகு சம்மதித்தார். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த 2016 சனவரியில் நிமோனியா கண்டு இறந்துவிட்டார். கல்லறைக் கல்லில் பெயருக்கும் ஆண்டுகளுக்கும் கீழே 'கொரியா' என்று பொறித்திருந்தார்கள்.

நான் தாயகம் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்னர் அவருடைய மனைவி பங்கு இல்லத்துக்கு வந்தார். பாதி நிரம்பிய படிவத்தை மேசைமேல் விரித்தார். விண்ணப்பதாரர் பெயரிருந்த இடத்தில் வாரிசு என்று குறித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். அதன் பிறகே கையொப்பமிட்டார்.